தொண்ணூற்றிரண்டாவது வரி

என் அக்காவுக்குக் குரல் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. வாய் இன்னும் போகவில்லை. தொண்டையில் ஆபரேஷன் செய்து குரல்வளையை எடுப்பதற்கு முன்னால் டாக்டர் மூன்று வாரம் அவகாசம் கொடுத்தார். அந்த மூன்று வாரமும் அக்கா என் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து ஆயிரத்து இருநூறு வாக்கியங்களைப் படித்துப் பதிவு செய்தாள். இருபத்திரண்டு வருஷமாகக் கணக்கு டீச்சர். வகுப்பில் கணக்கைச் சொல்லி எழுதவைக்கிற அதே குரலில்தான் அத்தனையையும் படித்தாள். அந்தப் பதிவைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி, அவள் தட்டச்சு செய்வதை அவள் குரலிலேயே பேசுகிறது ஒரு மென்பொருள். அதனால் இன்றைக்கும் "டீ வேணுமா?" என்று அவள் கேட்டால், ஹோம்வொர்க் செய்யாதவனை எழுப்பி நிற்கவைத்துக் கேட்பது போலத்தான் இருக்கும். வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் தைரியம் வருவதில்லை.

தொல்லை என்னவென்றால், அந்த மென்பொருள் லேப்டாப்பில் மட்டும்தான் ஓடும். அதைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போக முடியுமா? வெளியே போனால் அக்கா நோட்டுப் புத்தகத்தில் எழுதுவாள், அத்தான் படித்துச் சொல்வார். அத்தான் பஸ் டிரைவர். நாள் முழுக்க நெரிசலில் ஓட்டியும் ஹாரனை அடிக்க யோசிக்கிற ஆள். அக்கா ஐந்து வரி எழுதினால் அவர் ஒரு வரி சொல்வார், அதையும் சிரித்துக்கொண்டே சொல்வார். ஒரு தடவை குழாய் ரிப்பேர்காரர் கடைக்குப் போய் அக்கா எழுதினாள்: "போட்டு நாலு நாள்ல ஒழுகுது. இதுக்கா உங்களைக் கூப்பிட்டேன்? நாளைக்குள்ள சரி பண்ணலேன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்." அத்தான் அதை முழுசாகப் படித்துவிட்டு, "முடிஞ்சா நாளைக்கு ஒரு நடை வாங்க தம்பி" என்றார். அக்கா பேனாவை விட்டெறிந்தாள். அது அத்தான் மேல் படவில்லை. படாதபடி குறி பார்த்துத்தான் எறிந்தாள் என்று எனக்குத் தெரியும்.

மருத்துவ விடுப்பு முடிந்து அக்கா பள்ளிக்கூடத்துக்குத் திரும்பப் போய் வகுப்பைக் கேட்டாள். தலைமை ஆசிரியை நல்லவர், ஆனால் கறார். "லேப்டாப்பை மேஜையில வெச்சுக்கிட்டு உக்காந்த இடத்துலேர்ந்தே பாடம் நடத்தினா நாப்பது பசங்களைக் கட்டிமேய்க்க முடியாது. நடந்துக்கிட்டே பேச ஒரு வழி பண்ணிக்கிட்டு வாங்க. அடுத்த மாசம் பதினெட்டாம் தேதி ஆறாம் வகுப்புக்கு ஒரு பாடம் எடுத்துக் காட்டுங்க. சரியா வந்தா வகுப்பு உங்களுக்கு. இல்லேன்னா ஆபீஸ்ல பதிவேடு எழுதற வேலை இருக்கு, சம்பளம் அதேதான்" என்று சொல்லிவிட்டார். சம்பளத்தைப் பற்றி அக்கா ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் தட்டினாள்: "பதிவேடு கேள்வி கேக்காது. எனக்குக் கேள்வி கேக்கற பசங்கதான் வேணும்."

நான் மென்பொருள் எழுதுகிறவள். கிடங்குகளில் எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று சொல்லும் மென்பொருள். ஆகவே, "போன்ல ஓடற மாதிரி நான் பண்ணித் தர்றேன், ஒரு மாசம்" என்று மார்தட்டினேன்.

அக்காவின் குரலை ஒட்டித் தருகிற அந்த மென்பொருளின் கோட், அதாவது நிரல், யாருடைய சொத்தும் இல்லை. இருபது வருஷத்துக்கு மேலாகப் பொதுவில் கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தியும் அனுப்பலாம். யார் யாரோ சம்பளம் வாங்காமல் எழுதி வளர்த்தது. நான் போனுக்கான செயலியை எழுதியது ஒரு புது மொழியில். பழையதும் புதியதும் நேராகப் பேசிக்கொள்ளாது. பழைய வீட்டுச் சுவரில் புது சார்ஜரைச் செருக நடுவில் ஒரு அடாப்டர் வேண்டியிருக்கிறதே, அதுபோல ஒன்றை எழுத வேண்டும். எங்கள் தொழிலில் அதற்கு பைண்டிங் என்று பெயர்.

இந்தப் புது மொழியில் எழுதுவதைச் சரிபார்த்து இயந்திரத்துக்கு மொழிபெயர்த்துச் சொல்கிற கம்பைலர் ஒரு சந்தேகப் பிராணி. தன் கண்ணால் சரிபார்க்க முடியாத எதையும் அனுமதிக்காது. பழைய கோடின் உள்ளே அதனால் எட்டிப் பார்க்க முடியாது. அதற்காக ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: "நான் பார்த்துவிட்டேன், இது ஆபத்தில்லை, பொறுப்பு என்னுடையது" என்று எழுதுகிறவரே ஒரு வரியில் சொல்லிவிட்டால் அது வாயை மூடிக்கொள்ளும். அப்படிப் பொறுப்பேற்கிறவர், அந்த வரிக்கு மேலே "பாதுகாப்பு:" என்று தொடங்கி, ஏன் ஆபத்தில்லை என்பதற்குக் காரணம் எழுத வேண்டும் என்பது எங்களுக்குள் ஒரு வழக்கம். கம்பைலர் அதைப் படிக்காது. மனிதர்கள் படிப்பதற்காக எழுதுவது.

என் பைண்டிங்கின் நாலாவது ஃபைலில் தொண்ணூற்றிரண்டாவது வரியில் நான் எழுதியது இது: "பாதுகாப்பு: சோதித்தாயிற்று, ஓடுகிறது."

ஊருக்கும் உதவட்டும் என்ற பெருந்தன்மையில் அந்தப் பைண்டிங்கைப் பொதுக்கோடில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினேன். மாலை போட்டு வரவேற்பார்கள் என்று நினைத்தேன். மறுநாள் வந்தது முதல் குறிப்பு: "பேஷண்ட்டுக்கு ஊசி போட்டிருக்கேன். மரத்துப்போக பத்து நிமிஷம் ஆகும். அதுக்குள்ள முதல் ஃபைலைப் பாத்துடறேன்." அந்தக் கோடை ஒன்பது வருஷமாகப் பார்த்துக்கொள்கிறவர் ஒரு பல் டாக்டர் என்று அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

இரண்டு நாளில் நாற்பத்தொரு குறிப்புகள். இந்தப் பெயர் சரியில்லை, இங்கே வாங்கிய நினைவகத்தை யார் திருப்பிக் கொடுப்பது, இந்தப் பிழை வந்தால் என்ன செய்வீர்கள். சொத்தையைக் குத்திப் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு வரியாகக் குத்திப் பார்த்திருந்தார். நாற்பதையும் நான் முணுமுணுத்துக்கொண்டே சரிசெய்தேன். நாற்பத்தொன்றாவது, தொண்ணூற்றிரண்டாவது வரிக்குக் கீழே. ஒரே சொல்: "ஏன்?"

"சோதிச்சுட்டேன்" என்று எழுதினேன்.

"ஓடுதுன்னு சொல்றீங்க. நான் கேட்டது, ஏன் ஆபத்தில்லைன்னு."

"இருபது வருஷமா ஓடற கோட். யாரும் குறை சொல்லலையே."

"இருபது வருஷமா அந்தக் கோடை ஒரு நேரத்துல ஒரு இடத்துலேர்ந்துதான் வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க. ஒரே நேரத்துல ரெண்டு இடத்துலேர்ந்து கூப்பிடலாம்னு நீங்க கையெழுத்துப் போடறீங்க. உள்ளே படிச்சுப் பாத்தீங்களா?"

படிக்கவில்லை. பதினாலாயிரம் வரி, யார் படிப்பது? உண்மையைக் கேட்டால்தான் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "பல்லைப் பாக்கறவர் பல்லைப் பாத்தா போதும். எனக்குத் தேதி நெருங்குது" என்று எழுதி, சேர்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிய கோரிக்கையை நானே மூடிவிட்டேன். இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

அவர் பதில் எழுதியிருந்தார்: "சரிங்க. எப்ப வேணும்னாலும் திரும்பத் திறக்கலாம். மத்த நாப்பதும் நல்லா பண்ணியிருக்கீங்க."

அதைக்கூட நக்கல் என்றுதான் அப்போது எடுத்துக்கொண்டேன்.

அவர் தயவு எனக்கெதற்கு என்று, செயலியை நேராக அக்காவின் போனில் ஏற்றினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. போன் கழுத்தில் தொங்குகிறது, இடுப்பில் ஒரு சின்ன ஸ்பீக்கர். அக்கா சமையலறையில் நின்று தட்டினாள். குளியலறையில் இருந்த அத்தானை நோக்கி அவள் குரல் போயிற்று: "ஈரத் துண்டைக் கட்டில் மேல போடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" அத்தான் தலையில் சோப்பு நுரையோடு கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "ஒன்றரை வருஷம் கழிச்சு வேற ரூம்லேர்ந்து திட்டு வாங்கறேன்" என்றார் என்னிடம். கண்ணில் சோப்புப் பட்டுவிட்டது என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். நான் பல் டாக்டரை நினைத்துக்கொண்டேன். பார்த்தீரா, ஓடுகிறது.

இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் அத்தான் வேலைக்குக் கிளம்பும்போது அக்கா இரண்டு வாக்கியம் தட்டினாள். ஒன்று, "கதவைச் சாத்திட்டுப் போங்க." இன்னொன்று, "மாத்திரை போட்டீங்களா?" போன் சொன்னது: "கதவைச் சாத்திட்டுப் போட்டீங்களா." பிறகு கொரகொரவென்று ஒரு சத்தம். பிறகு செயலி செத்துவிட்டது.

அக்கா தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தாள். நானும் சிரித்தேன். மறுபடி ஓடவிட்டு மறுபடி தட்டினாள். மறுபடியும் ஒன்றின் தலை, இன்னொன்றின் வால். சிரிப்பு நின்றுவிட்டது.

எனக்குக் காரணம் உடனே புரிந்தது. அதுதான் கொடுமை. நான் ஒற்றை விரலால் தட்டுகிறவள். ஒரு வாக்கியம் தட்டி, அது பேசி முடிக்கும்வரை காதைத் தீட்டிக்கொண்டு கேட்டு, பிறகுதான் அடுத்ததைத் தட்டிச் சோதித்தேன். முதல் வாக்கியம் முடிவதற்குள் அடுத்ததை ஆரம்பிக்கிற ஒருவர் இருப்பார் என்று தோன்றவே இல்லை. அக்காவோடு நாற்பத்து நாலு வருஷம் இருந்தும் தோன்றவில்லை.

அவள் லேப்டாப்பை எடுத்து வைத்துத் தட்டினாள். "நாப்பது பசங்க முன்னாடி இப்படி ஆனா என்ன பண்றது?" அதே டீச்சர் குரல்தான். ஆனால் கேட்பதற்கு என்னவோ செய்தது. பதினெட்டாம் தேதிக்கு ஒன்பது நாள் இருந்தது.

மறைக்க ஒன்றும் இல்லை. தொண்ணூற்றிரண்டாவது வரியையும், அதற்குக் கீழே நடந்த சண்டையையும் காட்டினேன். அவள் சிவப்புப் பேனா இல்லாமலே திருத்துகிறவள் போலக் கடைசிவரை படித்தாள். பிறகு தட்டினாள்: "விடை மட்டும் எழுதி வழி எழுதாதவங்களுக்கு நான் மார்க் போடறதில்லை. நீ வழி எழுதலை. அவர் அதைத்தான் கேட்டிருக்கார். போய் மன்னிப்புக் கேளு."

"அவர் என்ன நினைப்பாரு?"

"நீ அவரைப் பத்தி என்ன நினைச்சியோ, அதைவிட நல்லதாத்தான் நினைப்பாரு."

மூடியதைத் திறந்தேன். எழுதினேன்: "நீங்க கேட்டது சரி. நான் உள்ளே படிக்கலை. பேசினதுக்கு மன்னிச்சுடுங்க." கூடவே அந்தக் குளறுபடிச் சத்தத்தையும் இணைத்தேன். மதியச் சாப்பாட்டு வேளையில் பதில் வந்தது: "யாரோட குரல் இது?"

சொன்னேன். ஆபரேஷன், ஆயிரத்து இருநூறு வாக்கியம், பதினெட்டாம் தேதி, எல்லாம் சொன்னேன். அரைமணி நேரத்தில் பதில் வந்தது: "ஒன்பது வருஷமா இதைப் பாத்துக்கறேன். எனக்கு வர்றதெல்லாம் புகார்தான், கேக்கறதெல்லாம் சோதனைச் சத்தம்தான். இதை வெச்சு ஒருத்தர் வீட்டுல நிஜமா பேசறதை இன்னிக்குத்தான் கேக்கறேன். குளறினாலும் பரவாயில்லை, இன்னும் ரெண்டு தடவை கேட்டேன்." அதற்கடுத்து: "காலைல ஏழுலேர்ந்து எட்டரை வரைக்கும் எனக்குப் பேஷண்ட் கிடையாது. அது உங்க நேரம்."

ஆறு காலை. முகம் பார்த்துப் பேசவில்லை. எழுதி எழுதியே பேசினோம். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், அந்தப் பதினாலாயிரம் வரியையும் படித்தோம். மூன்றாம் நாள் கண்டுபிடித்தோம். குரல் துண்டுகளை ஒட்டுவதற்குப் பழைய கோடில் ஒரே ஒரு மேஜைதான் இருந்தது. ஒரு வாக்கியம் அந்த மேஜையில் பரப்பிக் கிடக்கும்போதே இரண்டாவது வாக்கியத்தைக் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறேன். முதன்முதலில் எழுதியவர் அந்த இடத்தில் ஒரு குறிப்புகூட வைத்திருந்தார்: "ஒரு மேஜை போதும். ஒரு நேரத்தில் ஒரு வாக்கியம்தானே." இருபது வருஷத்துக்கு முன்பே காரணம் எழுதிவைத்திருக்கிறார் மனிதர். படிக்காதது நான்.

"பழைய கோடை மாத்திடலாமா?" என்று கேட்டேன்.

"வேண்டாம். எத்தனையோ பேர் அது மேல நின்னுக்கிட்டிருக்காங்க. நாம அசைச்சா யார் வீட்டுல என்ன விழும்னு நமக்குத் தெரியாது. உங்க பைண்டிங்ல ஒரு பூட்டுப் போடுங்க. முதல் வாக்கியம் வெளிய வர்ற வரைக்கும் அடுத்தது வாசல்ல நிக்கட்டும்."

நின்றது. பொறுப்பேற்கிற அந்த வரி அப்படியேதான் இருக்கிறது. ஆனால் "ஓடுகிறது" போய்விட்டது. இப்போது அதற்கு மேலே பதினொரு வரி. மேஜை எங்கே இருக்கிறது, எத்தனை மேஜை, பூட்டு எங்கே, பூட்டில்லாமல் எவரும் ஏன் உள்ளே நுழைய முடியாது. என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக எழுதிய பதினொரு வரி வேறு இல்லை.

"இதுக்கு ஒரு சோதனை வேணும்" என்றார். அக்காவிடம் அனுமதி வாங்கி, அவள் பதிவில் தேவையான துண்டுகளை மட்டும் கோடோடு சேர்த்தேன். அந்தச் சோதனை கதவு, மாத்திரை வாக்கியங்கள் இரண்டையும் ஒரே நேரத்தில், ஆயிரம் தடவை பேசச் சொல்லும். ஒரு தடவை குளறினாலும் தோல்வி. இனிமேல் உலகத்தில் யார் அந்தக் கோடில் எதைத் திருத்தி அனுப்பினாலும், அக்கா ஆயிரம் தடவை கதவைச் சாத்தச் சொன்ன பிறகுதான் அது உள்ளே போகும். அத்தானிடம் சொன்னேன். "எனக்கு மட்டும்னு நினைச்சேன்" என்றார்.

பதினாறாம் தேதி காலை எட்டு இருபதுக்குப் பல் டாக்டர் என் பைண்டிங்கைச் சேர்த்துக்கொண்டார். "சேத்தாச்சு. ஒருத்தர் கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு வாசல்ல நிக்கறார். போறேன். உங்க அக்காவுக்கு என் வாழ்த்து." முன்பின் தெரியாத ஒருவர் ஆறு காலைகளை எடுத்து எங்கள் வீட்டுக்குக் கொடுத்திருக்கிறார். நானோ அவரைக் கோபத்தில் பல்லைப் பார்க்கச் சொன்னவள்.

பதினெட்டாம் தேதி தலைமை ஆசிரியை கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். எனக்கு வராந்தாவில் ஜன்னலோரம் ஒரு ஸ்டூல். அக்கா உள்ளே போனாள். நாற்பது பேரும் எழுந்து, அவள் கழுத்துப் போனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். "உக்காருங்க" என்றது இடுப்பு. எல்லோரும் பொத்தென்று உட்கார்ந்தார்கள். அந்தக் குரலுக்கு உட்காராமல் இருக்க முடியாது.

பின்னக் கூட்டல். அரையையும் மூன்றில் ஒன்றையும் போர்டில் எழுதிக் கூட்டச் சொன்னாள். பெஞ்சுகளுக்கு நடுவில் நடந்து நோட்டுகளை எட்டிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே, போனைப் பார்க்காமல், தட்டினாள். "யார் யாருக்கு அஞ்சுல ரெண்டு வந்தது? வெக்கப்படாம கை தூக்குங்க." அது முடியுமுன்னே அவள் கட்டைவிரல்கள் மறுபடி ஓடுவதைப் பார்த்தேன். ஜன்னலோரம் ஒருவன் நோட்டை மூடிக்கொண்டிருந்தான். ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

முதல் வாக்கியம் கடைசிச் சொல்வரை வந்தது. ஒரு மூச்சு இடைவெளி. பிறகு, "ஜன்னல் பக்கம், நோட்டை மூடாதே. தப்பாப் போட்டதைத்தான் நான் பாக்கணும்." இரண்டும் முழுசாக வந்தன.

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. ஒன்றரை வருஷப் பேச்சும் வரிசையில் நின்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. இரண்டு பின்னத்துக்கும் ஒரே பகுதி எண் ஏன் வேண்டும், ரொட்டியை எப்படி வெட்டினால் துண்டுகள் ஒரே அளவாகும், ஆறில் ஐந்து எங்கிருந்து வந்தது. அரைமணி நேரம் போயிருக்கும். மூன்றாவது பெஞ்சில் ஒரு சிறுமி கை தூக்கினாள்.

"டீச்சர், கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க டீச்சர். எழுத முடியலை."

"ஆமா டீச்சர்" என்றது பாதி வகுப்பு.

அக்கா நின்றுவிட்டாள். அவள் எழுதி முடிக்கும்வரை பரிதாபத்தோடு காத்திருந்த முகங்களைத்தான் இந்த ஒன்றரை வருஷமாகப் பார்த்திருக்கிறாள். வேகமாகப் பேசுகிறாய் என்று ஒருவரும் குறை சொன்னதில்லை. அவள் போர்டு பக்கம் திரும்பி, ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஓரத்தைக் கொஞ்ச நேரம் துடைத்தாள். பிறகு திரும்பி, மெதுவாக, ஒவ்வொரு வரியாகத் தட்டினாள். தலைமை ஆசிரியை மணி அடிக்கும்வரை காத்திருக்கவில்லை. தன் நோட்டை மூடிக்கொண்டு எழுந்து, வெளியே போகிற வழியில் என்னிடம், "திங்கக்கிழமை எட்டே முக்காலுக்கு வரச் சொல்லுங்க" என்றார்.

அன்று மாலை பல் டாக்டருக்கு எல்லாவற்றையும் எழுதினேன். எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை என்றும் எழுதினேன். நீ தள்ளு என்று அக்கா போனை எடுத்து, தன் குரலிலேயே பதிவு செய்து அனுப்பினாள்: "டாக்டர், உங்களுக்கு ரொம்ப நன்றி. நல்லா இருங்க." கேட்டால் பெஞ்சு மேல் ஏறி நிற்கச் சொல்வது போல இருந்தது.

"கேட்டேன்" என்று பதில் வந்தது. "கேட்டதும் நிமிர்ந்து உக்காந்துட்டேன். நாற்காலியில இருந்த பேஷண்ட்டும் நிமிர்ந்துட்டார்." அதற்குக் கீழே இன்னொன்று: "பேச்சு வேகத்தைக் குறைக்கிற வசதி பழைய கோடில் இருக்கு. நீங்க இன்னும் இணைக்கலை."

திங்கட்கிழமைக்கு முன்னால் எழுதி அனுப்பினேன். இந்தத் தடவை ஏன் ஆபத்தில்லை என்பதை முதலில் எழுதினேன், கோடைப் பிறகு எழுதினேன். இது ஏன் தேவை என்ற இடத்தில் ஒரே ஒரு வரி: "மூன்றாவது பெஞ்சில் ஒரு மாணவியால் எழுத முடியவில்லை."

ஒரு கேள்வியும் கேட்காமல் அவர் அதைச் சேர்த்துக்கொண்டார்.